சத்துமாவும் குடல் பாக்டீரியாவும்: சமூக நலத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைச் செயலர் அவர்களுக்கும், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் துறை இயக்குநர் அவர்களுக்கும்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

அங்கன்வாடி மையங்களில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வழங்கப்படும் இணை உணவின் கலவையை, அக்குழந்தைகளின் குடலில் வாழும் பாக்டீரியாக்களையும் கணக்கில் கொண்டு மறுஆய்வு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காக இம்மடலை எழுதுகிறேன். அவ்வாறு திருத்தியமைத்த ஒரு கலவையை இப்போதைய சத்துமாவோடு ஒப்பிட்டு, இரண்டு மூன்று வட்டாரங்களில் முறையான சோதனை ஒன்றை அரசே நடத்த வேண்டும் என்பது என் இரண்டாவது கோரிக்கை. சத்துமாவு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அந்த மாவை நம்பி வளர்ந்த குழந்தைகள் பல லட்சம் பேர் என்பதையும், அதைக் குறைகூறுவோரில் பலர் அதை ஒருநாளும் வாயில் வைத்துப் பார்க்காதவர்கள் என்பதையும் அறிவேன். நுண்ணுயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். உணவு நிறுவனம் எதனோடும் எனக்கு வணிகத் தொடர்பு கிடையாது.

தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21ஆம் ஆண்டுச் சுற்றின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 14.6 விழுக்காட்டினர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். அதற்கு முந்தைய 2015–16ஆம் ஆண்டுச் சுற்றில் இவை முறையே 27.1, 19.7 விழுக்காடாக இருந்தன. நாடு முழுமைக்குமான 35.5, 19.3 விழுக்காடுகளோடு வைத்துப் பார்த்தால் நம் நிலை மேலானதுதான். ஆயினும் எடைக்குறைவு இறங்கிய அளவுக்கு உயரக்குறைவு இறங்கவில்லை என்பதை உங்கள் அலுவலகத்தில் உள்ளவர்களே முதலில் கவனித்திருப்பார்கள். உணவு கிடைக்கிறது, தடுப்பூசி போடப்படுகிறது, ஆரம்ப சுகாதார நிலையம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும் நான்கில் ஒரு குழந்தை வளர வேண்டிய அளவுக்கு வளரவில்லை.

குடிநீரும் கழிப்பறையும் சரியானால் இது தீரும் என்று நெடுங்காலம் நம்பினோம். பங்களாதேஷ், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் பல்லாயிரம் குழந்தைகளை வைத்து நடத்தப்பட்டு 2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளியான மூன்று பெரும் சோதனைகள் அந்த நம்பிக்கையை அசைத்தன. வீட்டளவில் கழிப்பறை, கைகழுவும் வசதி, நீரைத் தூய்மைப்படுத்தும் ஏற்பாடு ஆகியவற்றைக் கொடுத்தும் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. கூடுதல் உணவு கொடுத்த இடங்களில் சிறிதளவு கூடியது. தூய்மை வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அது வேறு பல காரணங்களுக்காக வேண்டும். உள்ளே போகும் உணவுக்கும் உடலில் ஒட்டும் சதைக்கும் நடுவே நாம் கணக்கில் கொள்ளாத ஏதோ ஒன்று இருக்கிறது என்பதையே இம்முடிவுகள் காட்டின. அந்த இடைவெளியில்தான் குடல் பாக்டீரியா ஆராய்ச்சி வந்து நிற்கிறது.

இந்த ஆராய்ச்சியின் தொடக்கத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் 317 இரட்டைக் குழந்தை இணைகளை அவர்களுடைய முதல் மூன்று ஆண்டுகளில் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரே தாய், ஒரே அடுப்பு, ஒரே கஞ்சி. அப்படியிருந்தும் பத்தில் நான்குக்கும் மேற்பட்ட இணைகளில் ஒரு குழந்தை நலமாக இருக்க, மற்றொன்று கடும் ஊட்டக்குறைவுக்கு ஆளானது. குவாஷியார்க்கர் என்ற, உடல் வீங்கும் கடும் ஊட்டக்குறைவு நோய் கண்ட குழந்தையின் குடல் பாக்டீரியாக்களையும், நலமாக இருந்த உடன்பிறப்பின் குடல் பாக்டீரியாக்களையும், பிறந்ததிலிருந்து எந்த நுண்ணுயிரும் அண்டாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குத் தனித்தனியே மாற்றினார்கள். இரு கூட்டத்துக்கும் மலாவி ஏழை வீட்டு உணவே கொடுக்கப்பட்டது. நோயுற்ற குழந்தையின் பாக்டீரியாக்களைப் பெற்ற எலிகள் கண்கூடாக இளைத்தன. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கார்டன் குழுவினர் இதை 2013இல் வெளியிட்டார்கள். உணவு மட்டுமோ, பாக்டீரியா மட்டுமோ தனித்து இதைச் செய்யவில்லை. இரண்டும் சேர்ந்தபோதுதான் எடை விழுந்தது.

அடுத்த படி நமக்கு நெருக்கமான ஊரில் எடுத்து வைக்கப்பட்டது. டாக்காவிலுள்ள சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி மையத்தில் தஹ்மீத் அகமது குழுவினரும் கார்டன் குழுவினரும் சேர்ந்து, மீர்ப்பூர் குடிசைப் பகுதியில் நலமாக வளரும் குழந்தைகளின் மலத்தை மாதந்தோறும் சேகரித்து, வயது ஏற ஏற எந்தெந்தப் பாக்டீரியாக்கள் எந்த வரிசையில் குடியேறுகின்றன என்று பதிந்தார்கள். பல் முளைப்பதற்கும் தவழ்வதற்கும் இருப்பதுபோல் இதற்கும் ஒரு கால ஒழுங்கு இருந்தது. கடும் ஊட்டக்குறைவு உள்ள குழந்தையின் குடல் பாக்டீரியாக் கூட்டம் அதன் வயதுக்கு மிக இளையதாக இருந்தது. வழக்கமான சிகிச்சை உணவு கொடுத்தபோது எடை ஓரளவு ஏறியது. பாக்டீரியாக் கூட்டமோ சிறிது முன்னேறிவிட்டுப் பழைய இடத்துக்கே சறுக்கியது. இது 2014இல் வெளிவந்தது. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பிய குழந்தை சில மாதங்களில் மறுபடியும் கடும் ஊட்டக்குறைவுள்ளோரின் சிவப்புப் பட்டியலில் வந்து நிற்பதைப் பார்த்துச் சலித்த அங்கன்வாடிப் பணியாளர் எவருக்கும் இந்த முடிவு புதிதாகத் தோன்றாது.

அப்படியானால் எந்த உணவு அந்தக் கூட்டத்தை முதிரச் செய்யும்? இக்கேள்விக்கு விடை தேடியவர்கள் வங்கதேசத்துச் சமையலறையில் கிடைக்கும் பொருள்களையே ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். அரிசியும் பால்பவுடரும் எதிர்பார்த்த வேலையைச் செய்யவில்லை. கொண்டைக்கடலை மாவு, நிலக்கடலை, சோயா மாவு, வாழைக்காய் ஆகியவை செய்தன. இந்த நான்கையும் எண்ணெய், சர்க்கரை, நுண்சத்துக் கலவையோடு சேர்த்த ஓர் உணவை 12 முதல் 18 மாத வயதுள்ள, மிதமான ஊட்டக்குறைவுடைய குழந்தைகளுக்கு மூன்று மாதம் கொடுத்தார்கள். ஒப்பீட்டுக்காக மற்றொரு பிரிவுக்கு அரிசி, பருப்பு, பால்பவுடரால் ஆன வழக்கமான துணையுணவு. 123 குழந்தைகள் சேர்க்கப்பட்டு 118 பேர் சோதனையை நிறைவு செய்தனர். புதிய உணவில் கலோரி குறைவு. ஆயினும் உயரத்துக்கேற்ற எடையின் மதிப்பெண் (அதே உயரமுள்ள நலமான குழந்தைகளின் எடையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் காட்டும் எண்) அதில் வாரத்துக்கு 0.021 ஏற, வழக்கமான உணவில் 0.010தான் ஏறியது. எலும்பு வளர்ச்சிக்கும் நரம்பு வளர்ச்சிக்கும் தொடர்புடைய இரத்தப் புரதங்களும் நல்ல திசையில் மாறின. 2021இல் இது வெளியானது. தொடர்ந்து வந்த ஆய்வுகள், வாழைக்காயிலும் கடலை வகைகளிலும் உள்ள சில சிக்கலான சர்க்கரைத் தொடர்களை ப்ரெவோடெல்லா கோப்ரி என்ற பாக்டீரியாவின் சில வகைகள் சிதைத்துப் பயன்படுத்துவதாகவும், குழந்தையின் எடையேற்றத்தோடு அவ்வகைகள் இணைந்திருப்பதாகவும் காட்டின.

இந்த முடிவை அதன் அளவுக்கு மேல் ஊதிப் பெருக்க நான் விரும்பவில்லை. ஒரு நகரத்தின் ஒரு குடிசைப் பகுதியில் 118 குழந்தைகளிடம் கிடைத்த விடை இது. அந்த மதிப்பெண் வேறுபாட்டை எடையாக்கினால், என் கணக்கில், மூன்று மாதத்துக்குச் சுமார் நூறு கிராம்தான் வரும். டாக்கா குழந்தைக்குப் பொருந்தியது தர்மபுரிக் குழந்தைக்குப் பொருந்துமா என்பது அங்கே போய் அளந்து பார்க்காமல் தெரியாது. அதனாலேயே, கலவையை நாளைக்கே மாற்றுங்கள் என்று கேட்காமல், சோதனை நடத்துங்கள் என்று கேட்கிறேன்.

அளந்து பார்க்கும் தகுதி நமக்கு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி குழந்தைகளின் குடலை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறது. எட்டு நாடுகளில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்த பெரும் ஆய்வில் இந்தியாவின் களம் வேலூரின் குடிசைப் பகுதிகளே. டாக்காவில் கண்ட, ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறி இறங்கும் பாக்டீரியாக் குழுவை வேறு நாட்டுக் குழந்தைகளிடமும் தேடியபோது, இந்தியாவிலும் பெருவிலும் அது தென்பட்டது என்று 2019இல் வெளியிடப்பட்டது. அதற்கு வெகு முன்பே, 2000இல், பி. எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் வேலூரில் செய்த ஒரு வேலை இந்தச் சிந்தனைக்கு முன்னோடி என்றே சொல்வேன். காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலில், சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவுச்சத்தைச் சேர்த்தார்கள். அது பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் புளிக்கவைக்கப்பட்டு, குறுந்தொடர் கொழுப்பு அமிலங்களாக மாறி, குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சுவதற்குத் துணைநின்றது. வழக்கமான கரைசலோடு ஒப்பிட, வயிற்றுப்போக்கு நீடித்த நேரம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. நோயாளிக்கு மருந்தையும் அவர் குடலில் உள்ள பாக்டீரியாக்களுக்கு உணவையும் ஒரே குவளையில் கொடுத்த அந்தச் சோதனை நம் மாநிலத்தில் நடந்தது என்பது நம் நலத்துறைக் கூட்டங்களில் பேசப்படுவதே இல்லை.

எச்சரிக்கையும் வேலூரிலிருந்தே வருகிறது. அங்குள்ள குழந்தைகளிடம் வாய்வழிப் போலியோ சொட்டு மருந்து எதிர்பார்த்த அளவு வேலை செய்யாததற்குக் குடலில் உள்ள கெட்ட பாக்டீரியாக்கள் காரணமாக இருக்கலாம் என்று கருதி, ககன்தீப் காங் குழுவினரும் லண்டன் ஆய்வாளர்களும் 750க்கும் மேற்பட்ட குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு முன்கூட்டியே அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய்க்கிருமிகள் குறைந்தன, குடல் அழற்சியின் அடையாளங்களும் குறைந்தன. சொட்டு மருந்தின் பலனோ கூடவில்லை. 2016இல் வெளியான முடிவு இது. அடுத்து, துத்தநாகமும் ஒருவகை லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவும் கொடுத்துச் செய்த சோதனையிலும் பெரிய மாற்றம் காணப்படவில்லை. கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமான கருத்தாக இருந்தாலும், ஒப்பீட்டுப் பிரிவு வைத்துச் சோதிக்காமல் திட்டமாக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோளை அழுத்திச் சொல்ல வேண்டும். நல்ல பாக்டீரியா என்று அச்சிட்ட புட்டிகளும் பொட்டலங்களும் மருந்துக்கடைகளில் பெருகியிருக்கின்றன. அவற்றை விற்பவர்கள் நாளை உங்கள் வாசலுக்கும் வருவார்கள். உயிருள்ள பாக்டீரியாவைக் கொடுப்பதும், ஏற்கெனவே குடலில் உள்ள பாக்டீரியாவுக்கு ஏற்ற உணவைக் கொடுப்பதும் வெவ்வேறு வேலைகள். முதலாவதில் சான்று அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒடிசாவின் கிராமங்களில் பிறந்த 4,500க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளை வைத்து நடந்து 2017இல் வெளியான சோதனையில், லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற பாக்டீரியாவையும் அதற்கு உணவான ஒரு சர்க்கரையையும் ஏழு நாள் கொடுத்ததில், இரத்தத்தில் கிருமி பரவும் நோயும் இறப்பும் சேர்ந்து 9 விழுக்காட்டிலிருந்து 5.4 விழுக்காட்டுக்கு இறங்கின. ஆனால் அந்தப் பலன் குறிப்பிட்ட ஒரு வகைப் பாக்டீரியாவுக்கு, குறிப்பிட்ட அளவில், குறிப்பிட்ட நாள்களில் கிடைத்தது. கடையில் கிடைக்கும் எந்தப் புட்டிக்கும் அந்தச் சான்றை நீட்டிப் பேச முடியாது.

இனி நம் கலவைக்கு வருகிறேன். கோதுமை, கேழ்வரகு, வெல்லம் போன்றவற்றைக் கொண்ட இப்போதைய சத்துமாவு கலோரி, புரதம், நுண்சத்துக் கணக்குகளில் தேறும்படி அமைக்கப்பட்டது. அக்கணக்கில் பாக்டீரியாவுக்கு இடம் இல்லை. அது வகுக்கப்பட்ட காலத்தில் இருந்திருக்கவும் முடியாது. இப்போது சேர்த்துப் பார்க்க வேண்டிய பொருள்கள் எதையும் நாம் வெளியூரில் தேட வேண்டியதில்லை. கொண்டைக்கடலையும் பொட்டுக்கடலையும் எல்லா மளிகைக்கடையிலும் உண்டு. விழுப்புரமும் திருவண்ணாமலையும் நிலக்கடலை விளையும் மாவட்டங்கள். கன்னியாகுமரிப் பக்கம் ஏத்தங்காய் எனப்படும் நேந்திரன் வாழைக்காயைத் தோல் சீவி, மெல்லிய வில்லைகளாக அரிந்து, வெயிலில் காயவைத்துப் பொடித்து, கைக்குழந்தைக்குக் கஞ்சியாகக் கிண்டிக் கொடுக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. பாட்டிமார் செய்ததாலேயே அது சரியாகிவிடாது. ஆனால் தாய்மார் அந்நியமாக நினைக்காத உணவு என்பது சோதனைக்குப் பெரிய வசதி. வாழைக்காய் மாவின் பதமும் ஆயுளும் அறிந்தவர்கள் திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் இருக்கிறார்கள்.

நிலக்கடலையில் ஒரு தொல்லை உண்டு. பிடுங்கிக் களத்தில் குவித்த கடலை ஒரு மழையில் நனைந்து, சாக்குக்குள் புழுங்கினால், பருப்பின் மேல் பச்சைப்பூசணம் படரும். அது உண்டாக்கும் அஃப்லாடாக்சின் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது, கல்லீரலைக் கெடுக்கும். ஆகவே சோதனைக்கான கடலையை மூட்டை மூட்டையாக ஆய்வகத்தில் பரிசோதித்த பிறகே அரைவைக்கு அனுப்ப வேண்டும். ஒப்பந்தப்புள்ளியில் இந்த ஒரு நிபந்தனையை மட்டும் தளர்த்தவே கூடாது.

சோதனை எப்படி நடக்க வேண்டும் என்பதில் எனக்குச் சில கருத்துகள் உண்டு. எந்த மையம் எந்த உணவைப் பெறும் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். மாவட்ட அலுவலரின் விருப்பத்துக்கு விடக்கூடாது. ஒப்பீட்டுப் பிரிவுக்கு இப்போதைய சத்துமாவு தடையின்றிக் கிடைக்க வேண்டும். கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளுக்கு, 2022இல் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தின்கீழ் தரப்படும் சிகிச்சை உணவை எக்காரணத்துக்காகவும் நிறுத்தக்கூடாது. முதல் சோதனை மிதமான குறைவுள்ள குழந்தைகளோடு நிற்கட்டும். தாயிடம் ஒப்புதல் பெறும் படிவம், கையெழுத்துக்காக நீட்டப்படும் ஆங்கிலத் தாளாக இல்லாமல், அவருக்குப் புரியும் தமிழில் வாசித்துச் சொல்லப்பட வேண்டும். இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில், முதல் குழந்தையைச் சேர்ப்பதற்கு முன்பே, எதை வெற்றியாகக் கொள்வோம் என்பதைப் பதிந்துவிட வேண்டும்.

அளவீட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நூறு கிராம் வேறுபாட்டைத் தேடும் சோதனையில், வெள்ளி அரைஞாணும் கொலுசும் ஈரத்துணியும் சேர்ந்து முடிவைப் புரட்டிவிடும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பலகையில் படுக்கவைத்து நீளம் அளக்க இருவர் தேவை: ஒருவர் தலையை மேல்தட்டோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், மற்றவர் முழங்காலை மெல்ல அழுத்திக் கால்தட்டை நகர்த்த வேண்டும். குழந்தை வீறிட்டுக் கத்தும், உடலை முறுக்கும். வெளியே நிற்கும் தாய் போதும் விடுங்கள் என்பார். பணியாளர் ஒருவரே பதிவேடு, கைப்பேசிச் செயலி, அடுப்பு, வருகைப்பதிவு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இதையும் செய்தால், எழுதப்படும் எண் அளந்த எண்ணாக இராது; போன மாதத்து எண்ணோடு கொஞ்சம் கூட்டியதாக இருக்கும். இதற்குப் பணியாளர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். சோதனை நடக்கும் மையங்களில் அளப்பதற்கென்றே பயிற்சி பெற்ற இருவரை அமர்த்துங்கள் என்றே சொல்வேன். மல மாதிரியும் அப்படித்தான்: எடுத்த சில நிமிடங்களில் உறையவைக்காவிட்டால், வெயில் நேரத்தில் டப்பாவுக்குள்ளேயே பாக்டீரியாக்கள் பெருகி, குழந்தையின் குடலில் இல்லாத ஒரு கதையைச் சொல்லும். திரவ நைட்ரஜன் குடுவையோடு ஒரு வண்டி களத்தில் நிற்பது ஆடம்பரச் செலவல்ல.

சோதனை நடக்கும் மூன்று மாதங்களில் குழந்தைக்குக் கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக் ஒவ்வொன்றையும் குறித்துவைக்க வேண்டும். சளிக்கும் காய்ச்சலுக்கும் மருத்துவர் சீட்டில்லாமலே அமாக்சிசிலின் கிடைக்கிற ஊர்களில், நாம் உணவால் கட்டுவதை அந்த மருந்து குலைக்கிறதா என்பதையும் இதே சோதனை சொல்லிவிடும்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். முழு மாநிலத்துக்கும் கலவையை மாற்றினால் ஆகும் செலவு பெரிது. அதைத் தீர்மானிக்கும் முன் சில நூறு குழந்தைகளிடம் சோதிக்க ஆகும் செலவு, அந்தத் தொகையின் பக்கத்தில் வைத்துச் சொல்லத் தக்கதல்ல. வேறு நாடுகளிலும் பெரிய சோதனைகளுக்கான முயற்சிகள் தொடங்கியிருக்கும்போது, அவை முடியட்டும் என்று காத்திருக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அவர்களுடைய விடை அவர்களுடைய குழந்தைக்கானது; கேழ்வரகும் இட்லியும் பருப்புச்சோறும் தின்னும் குழந்தையின் குடலில் எந்தப் பாக்டீரியா எதை உண்டு வாழ்கிறது என்பதை ஆப்பிரிக்காவின் மாலியிலோ டாக்காவிலோ அளக்க முடியாது.

இப்படிப்பட்ட வேலை நம் துறைக்குப் புதிதும் அல்ல. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாத குழந்தையை மட்டும் தேர்ந்து, 90 நாள் துணையுணவு கொடுத்து, தேறியபின் விடுவித்தார்கள். எடையை அளந்து அதன்படி உணவைத் தீர்மானிக்கும் அந்த முறையைப் பிற நாட்டினர் வந்து பார்த்துப் போனார்கள். டாக்கா சோதனையின் மூன்று மாதமும் நம்முடைய அந்த 90 நாளும் ஏறத்தாழ ஒரே அளவு. அந்த ஒழுங்கை அறிந்த மூத்த மேற்பார்வையாளர்கள் சிலர் ஓய்வு பெற்று இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பயிற்சிக்கு அவர்களை அழையுங்கள்.

ஆகவே உங்களிடம் நான் எதிர்பார்ப்பது மூன்று செய்திகளுக்கு எழுத்து வழியான விடை: கலவையை மறுஆய்வு செய்ய நுண்ணுயிரியல் அறிந்தவர்களையும் சேர்த்து ஒரு குழுவைத் துறை அமைக்குமா, சோதனைக்கு வட்டாரங்கள் ஒதுக்கப்படுமா, முடிவு சாதகமாக இருந்தாலும் பாதகமாக இருந்தாலும், அது வெளியாகும் அதே மாதத்தில், அதில் உழைத்த அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் பங்கேற்ற தாய்மார்களுக்கும் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கப்படுமா. அடுத்த நிதியாண்டுக்கான சத்துமாவு ஒப்பந்தப்புள்ளி கோரப்படுவதற்கு முன் இவ்விடை கிடைத்தால் நல்லது. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கலவையில் ஒரு பொருளைக்கூட மாற்றுவது எவ்வளவு கடினம் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் பேராசிரியர் (ஓய்வு)